எர்னெஸ்தின் சித்தியின் சுண்ணாம்புக் கட்டி

வோரெமி
8 டிசம்பர் 1957

அன்புள்ள கஸ்பார் அண்ணனுக்கு,

தங்கை லியோனி எழுதுவது. இங்கே நானும் எர்னெஸ்தின் சித்தியும் சுகம். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது, இருமல் அடங்கியதா, மலைக்காற்று ஒத்துக்கொள்கிறதா என்று விவரமாக எழுது. நீ சானடோரியம் போனதிலிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு அஞ்சலட்டை. அதிலும் மலைப் படம் பெரிதாக இருந்தது, உன் எழுத்துதான் சின்னதாக இருந்தது.

மே மாதப் பனி கருக்கியது போக மிஞ்சிய திராட்சையைப் பறித்து, பிழிந்து, பீப்பாயில் ஊற்றியாகிவிட்டது. நுரைத்துத் தணிந்தும்விட்டது. இந்த வருஷத்து ஒயின் கொஞ்சம்தான், அதுவும் பல் கூசும் புளிப்பு. ஒரு பீப்பாய் என் கவனக்குறைவால் பாழ். காலிப் பீப்பாய்களில் கந்தகம் எரித்து வைப்பது எப்போதும் உன் வேலையல்லவா, நீ இல்லாத ஆண்டில் ஒன்று விட்டுப்போய்விட்டது. ஊற்றிய ஒயின் முழுக்கப் பூஞ்சை வாடை. எட்ட நின்றாலே மூக்கைப் பொத்தவேண்டும். சாராயம் காய்ச்சுபவரிடம் தள்ளிவிடலாம் என்று வரிசைக் கடைசியில் விட்டுவைத்திருக்கிறேன்.

தரகர் தெல்வால் வந்தார். நகரத்துக் கம்பெனி நம் தோட்டத்தை நீண்ட குத்தகைக்கு எடுத்துக்கொள்ளுமாம். நமக்கு ஒயின் செய்கிற தொல்லையே வேண்டாமாம். ஈஸ்டருக்குள் பதில் சொல்லவேண்டும். கம்பெனிக்காரர்கள் திராட்சையை விலை கேட்கக்கூட வராத அந்தப் பாழாய்ப்போன வருஷத்தில்தானே அப்பா வீம்புக்கு நிலவறையில் முதல் ஷாம்பெய்ன் புட்டியை அடுக்கினார்? இது தெல்வாலுக்குத் தெரியாதா என்ன. இந்த வருஷத்து ஒயின் நன்றாக வந்தால் தெல்வாலை வாசலோடு அனுப்பிவிடலாம். சொதப்பினால் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மேட்டுத்துண்டு, ஆற்றுத்துண்டு, கோயில்பின் என்று நம் மூன்று நிலத்து ஒயினையும் எந்த அளவில் கலப்பது என்று சொல்லவேண்டியது உன் மூக்கு. அப்பாவுக்குப் பிறகு இந்த வீட்டில் மூக்கு என்றால் அது உன்னுடையதுதான். ஆற்றுத்துண்டு, கோயில்பின் இரண்டின் சாம்பிளும் இந்தக் கடிதத்தோடு ரயிலில் வருகிறது. குடித்துப் பார்த்து எழுது.

மாதா உன்னைக் காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
லியோனி

*

சானடோரியம்
22 டிசம்பர் 1957

பிரியமுள்ள லியோனிக்கு,

உன் கடிதமும் சாம்பிள் புட்டிகளும் உடையாமல் வந்தன. நான் நலம். எடை கூடியிருக்கிறது. நுரையீரலில் இருக்கும் ஓட்டை ஆறிவருகிறது என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். எனக்கு அது பனிமூட்டம் போலத்தான் தெரிந்தது. அக்டோபரில் எங்கள் மாடி முழுவதும் விஷக்காய்ச்சலில் படுத்தது, நானும்தான். அதனால்தான் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சித்தியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மூக்குப்பொடியைக் குறைத்தாளா?

என் அறையில் விதால் என்று ஒருவர் இருக்கிறார். வடக்கே ரயில்வேயில் கார்டாக இருந்தவர், நல்ல மனிதர், வாயை மூடமாட்டார். உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

இனி சாம்பிள். ஆற்றுத்துண்டில் மழை நின்ற பிறகு தண்டவாளத்துச் சல்லிக்கல் மணம் இருக்கிறது. கோயில்பின்னில் முதலில் துடைத்து வைத்த லாந்தர் விளக்கு, பிறகு குளிர்காலத்துக் காத்திருப்பு அறையில் யாரோ ஆப்பிள் உரிக்கிற வாசனை. இரண்டும் சுத்தமான ஒயின்கள். பயப்படாதே.

இங்கே சாப்பாடு சப்பென்று இருக்கிறது, சமையல்காரன் அப்படி. கிறிஸ்துமஸுக்கு என் பங்கு வாத்தையும் நீயே சாப்பிட்டுவிடு.

என்றும் உன் அண்ணன்,
கஸ்பார்

*

வோரெமி
10 ஜனவரி 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷம் உனக்கு நல்ல காற்றையும் நல்ல பசியையும் தரட்டும். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சித்தி சூப்பாக ஊற்றிக்கொண்டே இருக்கிறாள், மிதக்காத குறைதான்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சீமை மாதுளை, பாதாம் என்று எழுதுகிற ஆள், தண்டவாளம், லாந்தர் என்று ஆரம்பித்துவிட்டாயே. அறைத்தோழர் சகவாசமா? எதுவானாலும் நான் போய்ச் சல்லிக்கல் மணத்தைத் தேடினேன். இருந்தது. அதுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போது முக்கியமானது மேட்டுத்துண்டுதான். பனியிலும் அதுதான் தப்பித்தது, அதை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் என்பதால் சித்தியே சாம்பிள் பிடித்து அனுப்புகிறாள். நம் திராட்சைக்காரர்களைக் காக்கிற வின்சென்ட் புனிதர் திருநாள் வருகிறதல்லவா, வழக்கம்போல நிலவறையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷம் பீப்பாய்களைக்கூட விடவில்லை. "நீ படுடி, புனிதருக்கு முன்னாடி அழுக்குப் பீப்பாயோட நிக்க என்னால முடியாது"ன்னு ஒரே அதட்டல்.

உன் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறேன். இந்த ஒரு பதிலை மட்டும் தாமதிக்காதே.

உன் தங்கை,
லியோனி

*

சானடோரியம்
28 ஜனவரி 1958

பிரியமுள்ள லியோனிக்கு,

காய்ச்சல் விட்டதா? காய்ச்சலோடு நிலவறைக்குள் இறங்காதே. நான் நலமே. விதாலை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அறை வெறிச்சென்று இருக்கிறது. அவருக்காக வேண்டிக்கொள்.

மேட்டுத்துண்டு வந்தது. அருமை. இந்த வருஷத்து ஒயினுக்கு இதுதான் முதுகெலும்பு. மற்ற இரண்டையும்விட இதை அதிகமாகச் சேர்த்துவிடு, தயங்காதே.

இன்னொரு விஷயம். தெல்வால் சொல்வதையும் யோசித்துப் பார்க்கலாம். கெட்ட மனிதர் இல்லை. நீ தனியாக எத்தனை நாள் கஷ்டப்படுவாய்? கையெழுத்துப் போடுவது உனக்குச் சரி என்று பட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சித்திக்கு என் முத்தங்கள்.

உன் அண்ணன்,
கஸ்பார்

*

வோரெமி
9 பிப்ரவரி 1958

மதிப்புக்குரிய விதால் ஐயா அவர்களுக்கு,

கஸ்பாரின் தங்கை லியோனி வணக்கத்தோடு எழுதுவது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும் என்று கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். முகம் தெரியாதவள் தொந்தரவு செய்கிறேன், மன்னியுங்கள்.

எங்கள் சித்தி திருநாளுக்காகப் பீப்பாய்களைக் கழுவினாள். எந்தப் பீப்பாயில் எந்த நிலத்து ஒயின் என்று நான் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்ததும் அதோடு போயிற்று. என்னிடம் சொன்னால் திட்டுவேன் என்று அவளே ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதிவிட்டாள். கடைசியில் கிடந்த பூஞ்சை பிடித்த பீப்பாயின் மேல் மேட்டுத்துண்டு என்று எழுதி, அதிலிருந்தே சாம்பிளும் பிடித்து அனுப்பிவிட்டாள். மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவள் மூக்கு செத்து வெகுகாலம் ஆயிற்று.

அண்ணனின் கடிதம் வந்ததும் அந்தப் பீப்பாயைத் திறந்தேன். நனைந்த சாக்கு நாற்றம். அதைத்தான் அவன் அருமை என்கிறான், முதுகெலும்பு என்கிறான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐயா, லாந்தர் விளக்கும் ஆப்பிள் உரிக்கிற காத்திருப்பு அறையும் நீங்கள் சொன்னவையா? என் அண்ணனுக்கு என்ன ஆயிற்று? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிடுங்கள். அவனிடம் நான் காட்டிக்கொள்ளமாட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
லியோனி

*

சானடோரியம்
21 பிப்ரவரி 1958

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் மெழுகுவர்த்தியும் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டன. ஒரு பக்க விலா எலும்புகள் குறைந்துவிட்டாலும் வாய் முழுசாக இருக்கிறது. சித்தியம்மாவுக்கு என் வணக்கம்.

ரயிலில் விசில் ஊதினவன் நான். பொய் சொல்ல வராது. அக்டோபர்க் காய்ச்சல் கஸ்பாரின் மூக்கை எடுத்துக்கொண்டுபோய்விட்டது. சூப்பும் ஒன்றுதான், கொதிக்கிற வெந்நீரும் ஒன்றுதான். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். உங்கள் புட்டிகள் வந்த அன்று என்னிடம், "விதால், நீ குடிச்சுப் பாத்து வாய்க்கு வந்ததைச் சொல்லு, நான் எழுதிக்கிறேன். தங்கச்சிக்கு மட்டும் தெரியக்கூடாது"ன்னான். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயில்வேதான். மூன்றாவது புட்டிக்கு நான் இல்லை.

குத்தகைக்கு ஒப்புக்கொள் என்று ஏன் எழுதினான் என்றும் சொல்லிவிடுகிறேன். "மூக்கில்லாதவன் அந்த நிலவறையில என்ன பண்ணுவான், பெருக்குவானா? கையெழுத்துப் போட்டுட்டா அவளாவது நிம்மதியா இருப்பா"ன்னு சொன்னான். நான் திட்டினேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவனுக்கு வேண்டியது இரக்கம் இல்லை, அம்மா. வேலை. மூக்கு வேண்டாத ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள்.

தங்கள் சகோதரன்,
விதால்

*

வோரெமி
4 மார்ச் 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குத் திட்டிக்கொள். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை தலைக்குமேல் கிடந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்கு எப்படி, இரவில் தூக்கம் வருகிறதா? சித்தி உனக்குக் காலுறை பின்னுகிறாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஊகித்துப் போட்டுக்கொள்.

மேட்டுத்துண்டு பற்றி நீ எழுதியதைப் படித்தேன், மனதில் வைத்துக்கொண்டேன். இனி சாம்பிள் அனுப்பமாட்டேன். ரயிலில் புட்டி உடைகிறது. அதற்குப் பதில் வேறொன்று கேட்கிறேன். யுத்தம் முடிந்த வருஷமும் இப்படித்தானே வசந்தத்தில் பனி கொன்றது? அப்போது நான் அத்தை வீட்டில் இருந்தேன். அப்பா என்ன கலந்தார், பழைய ஒயினில் எவ்வளவு எடுத்தார், ஏன் அப்படிச் செய்தார், எதையும் விடாமல் எழுது. இதைச் சொல்ல உலகத்தில் உன்னைத் தவிர ஆள் இல்லை.

தெல்வால் மறுபடி வந்தார். "அண்ணனும் இல்ல. பொம்பளப்புள்ள கலந்த ஷாம்பெய்னை எவன் வாங்குவான்?"னு கேட்டார். நான் வாய் திறக்கும் முன் சித்தி, "தாகம் எடுத்தவன் வாங்குவான்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அவர் தொப்பி உள்ளேயே மாட்டிக்கொண்டது. திரும்பவும் தட்டிக் கேட்டு வாங்கிப் போனார்.

உன் தங்கை,
லியோனி

*

சானடோரியம்
17 மார்ச் 1958

பிரியமுள்ள லியோனிக்கு,

உன் கேள்வி வந்த அன்றிலிருந்து நான் இங்கே இல்லை, நிலவறையில் இருக்கிறேன். இருமல் குறைந்திருக்கிறது. விதால் வராந்தாவில் நடக்கிறார்.

அந்த வருஷம் அப்பாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. ஒயின் இப்போது போலவே ஒல்லி, புளிப்பு. யுத்தத்தின்போது போலிச் சுவர் எழுப்பி, சிலந்தி வலையைப் பிய்த்துவந்து ஒட்டி, பழைய சரக்கை ஒளித்திருந்தோமே, அந்தச் சுவரை அப்போதுதான் இடித்திருந்தோம். அதையெல்லாம் கொட்டிக் கலந்து புளிப்பை மூடிவிடலாம் என்பது என் கட்சி. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பனி விழுந்த வருஷம்னா பனி விழுந்த மாதிரிதான் இருக்கணும்டா. கொஞ்சம் பழசு சேரு, அது தெம்பா நிக்கட்டும். மூடி மறைக்காத"ன்னார். பத்துக்கு ஒரு பங்குதான் பழசு சேர்த்தார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்று வருஷம் கழித்துத் திறந்தபோது அவர் செய்ததே சரி என்று புரிந்தது. வாயில் வைத்ததும் மேட்டுத்துண்டின் வெயில், விழுங்கிய பிறகுதான் அந்தக் குளிர். இப்போது நினைத்தாலும் நாக்கில் நிற்கிறது.

நிலவறையின் இடதுபக்கக் கடைசி வளைவில் ஐம்பத்து மூன்றாம் வருஷத்து ஒயின் இருக்கிறது. தேன் பக்கம் சாய்கிற ஒயின். அதை எடுத்துக்கொள். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரையைக் கூட்டாதே, புட்டி வெடிக்கும்.

எவ்வளவு எழுதிவிட்டேன் பார். இன்னும் கேள்.

உன் அண்ணன்,
கஸ்பார்

*

வோரெமி
6 மே 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

கொடிகள் துளிர்த்துவிட்டன. இந்த வருஷம் பனி இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் உன் உடம்பைக் கேட்கவேண்டும் போல் இருக்கிறது. எப்படி இருக்கிறாய்? டாக்டர் வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேசினாரா?

கலவை போட்டாயிற்று. அப்பாவின் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தினமும் காலையில், வெறும் வயிற்றில், கலந்து கலந்து பார்த்தேன். பத்துக்கு ஒரு பங்கு ஐம்பத்து மூன்று. மறைக்கவில்லை. பிறகு சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் நிரப்பி, மூடி அடித்து, வளைவுக்குள் படுக்கவைத்துவிட்டோம். இனி உள்ளே நுரை பிறக்கவேண்டும். அதை நம்மால் செய்ய முடியாது, காத்திருக்கத்தான் முடியும்.

அடுக்கின் தலைமாட்டில் சிலேட்டு மாட்டும் வழக்கப்படி, வருஷத்தையும் கலவை போட்டவரின் முதல் எழுத்தையும் எழுதவேண்டுமே. அப்பா காலத்தில் அப்பாவுடையது, பிறகு உன்னுடையது. சித்தி சுண்ணாம்புக் கட்டியை வைத்துக்கொண்டு யார் எழுத்து என்று கேட்டாள். அண்ணன் எழுத்தைத்தான் போடவேண்டும் என்றேன். எழுதிவிட்டாள்.

தெல்வாலிடம் ஈஸ்டருக்கு முதல் நாளே முடியாது என்று சொல்லிவிட்டேன். தோற்றால் அடுத்த வருஷம் அவர் காலில் விழவேண்டியதுதான். பயமாகத்தான் இருக்கிறது, அண்ணா.

உன் தங்கை,
லியோனி

*

சானடோரியம்
19 ஜூன் 1958

பிரியமுள்ள லியோனிக்கு,

சுகம் கேட்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நேற்று சித்தியின் காலுறைப் பார்சல் வந்தது. தன் பழைய சால்வையில் சுற்றி அனுப்பியிருந்தாள். உதறினேன். உடனே தும்மல். ஒன்று, இரண்டு, ஐந்து. கண்ணீர் கொட்டியது. பிறகு சால்வையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மூக்குப்பொடி, லியோனி. சித்தியின் மூக்குப்பொடி வாசனை எனக்கு வந்தது.

உனக்கு இது புரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. அக்டோபரிலிருந்து எனக்கு எந்த வாசனையும் கிடையாது. நான் எழுதியதெல்லாம் விதால் சொன்னது. மேட்டுத்துண்டை மட்டும் நானாகப் புளுகினேன். அன்று அது தண்ணீரா ஒயினா என்றுகூட எனக்குத் தெரியாது. கலவை கெட்டிருந்தால் அது என் பொய்யால் கெட்டது. ஆறு மாதமாக இதை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். மே மாதம் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

இன்று காலையில் விதாலின் பூட்ஸ் வாசனையும் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம். மற்றது எதுவும் இன்னும் திரும்பவில்லை. திரும்புமோ என்னவோ.

அந்தச் சாம்பிள் எப்படி இருந்தது? நான் சொன்னபடி சேர்த்துவிட்டாயா? ஒளிக்காமல் எழுது. சித்தியின் முழங்கால் நலமா?

உன் அண்ணன்,
கஸ்பார்

*

வோரெமி
26 ஜூன் 1958

என் அண்ணா,

எல்லோரும் சுகம். முழங்காலும் சுகம். தன் மூக்குப்பொடி மருந்தாகிவிட்டது என்று சித்தி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள், இனி அவளை நிறுத்தமுடியாது.

நீ அருமை என்று எழுதியது பூஞ்சைப் பீப்பாய். ஆமாம், அதேதான். சித்தி கழுவின கையோடு பெயரை மாற்றி எழுதிவிட்டாள். பிப்ரவரியிலேயே அது சாராயம் காய்ச்சுபவரிடம் போய்விட்டது. ஒரு சொட்டுகூடக் கலவையில் சேரவில்லை. அதனால் இன்றிலிருந்து தூங்கு.

எனக்கும் பிப்ரவரியிலிருந்து தெரியும். விதால் ஐயாவை நான்தான் கேட்டேன், அவரைத் திட்டாதே. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ கடிதமே எழுதியிருக்கமாட்டாய். நீ மறைத்தாய், நானும் மறைத்தேன். யாரும் யாரையும் குற்றம் சொல்லமுடியாது.

ஆனால் அப்பாவின் பனி வருஷத்தைக் கேட்டது உன் மனம் தேறட்டும் என்பதற்காக மட்டும் இல்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. நீ எழுதியிராவிட்டால் ஐம்பத்து மூன்றை முழுக்கக் கொட்டி மூடியிருப்பேன்.

நேற்று ஒரு புட்டியைத் திறந்தேன். நுரை பிறந்துவிட்டது. ஊசிமுனை அளவில், அடியிலிருந்து அறுபடாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. இன்னும் பச்சைதான். ஆனால் வாயில் வைத்ததும் வெயில், பிறகு குளிர். அங்கேயே அழுதேன். ஒயின் சிந்திவிட்டதாக நினைத்துச் சித்தி துடைக்கத் துணி கொண்டுவந்தாள்.

மூக்கு வந்தாலும் வராவிட்டாலும் வா. பெருக்குவதற்கு இல்லை.

உன் தங்கை,
லியோனி

*

சானடோரியம்
5 ஜூலை 1958

என் லியோனிக்கு,

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பன்னிரண்டாம் தேதி சாயங்கால ரயிலில் வருகிறேன். விதாலும் இரண்டு நாள் தங்கிப் போக வருகிறார். லாந்தர் விளக்கை நேரில் பார்க்கவேண்டுமாம். அவருக்கு நல்ல நாற்காலி போடு, முதுகு தாங்காது.

நேற்று ஜன்னலைத் திறந்தபோது வெட்டிய புல் வாசனை வந்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்லமாட்டேன். உன்னிடம் இனி தெரிந்ததை மட்டும்தான் எழுதுவேன்.

எனக்கு நீ ஒன்றே ஒன்று செய்யவேண்டும். நான் வருவதற்குள் நிலவறைக்குப் போய் அந்தச் சிலேட்டிலிருந்து என் எழுத்தை அழித்துவிட்டு உன் எழுத்தைப் போடு. நான் இறங்கிப் பார்க்கும்போது என்னுடையது அங்கே இருந்தால் வந்த வழியே ரயிலேறிவிடுவேன். உன் கையாலேயே எழுது. சுண்ணாம்புக் கட்டியை மட்டும் தயவுசெய்து சித்தியிடம் கொடுத்துவிடாதே.

இரண்டு பேரையும் கட்டிக்கொள்கிறேன்.

கஸ்பார்